செஞ்சிக்குப் போனவர் கதை, முதல் பாகம்

"என் போர்வெல்ல தண்ணி வந்துச்சே, அது எந்தச் சாமி குடுத்தது? சொல்லுடி! பீரங்கி குடுத்துச்சா? இல்ல அந்தக் கோட்டைக்காரி குடுத்தாளா?"

"காகு, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எருமை மிரளுது."

"மிரளட்டும்! ஒம்பது நாள் வெங்காயம் தொடல நான். பூண்டு தொடல. பேரன் முட்டை கேட்டான்னு முதுகுல ரெண்டு வெச்சேன். எதுக்கு? சண்டைக் கதை கேக்கறதுக்கு!"

"நல்லா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? இந்த வருஷம் பாராயணம் நல்லாப் புரியுதுன்னு."

"புரிஞ்சப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்டி!"

வாசகசாலைச் சாவியைக் கையில் பிடித்தபடி நான் தெருவில் நின்றுவிட்டேன். கத்தியவர் ஷேவந்தாபாய். ஊரில் பாதிப் பேருக்கு அவர் காகு, அதாவது சித்தி முறை. எங்கள் வாசகசாலைத் தலைவர் தத்தோபாவின் மனைவி. பதில் சொன்னது சுகந்தா. வாசகசாலைக்கு எதிர்வீடு. சண்டைக்குக் காரணமான புத்தகத்தை ஒன்பது நாள் முன்னால் என் கையால்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

நடந்தது இதுதான்.

எங்கள் ஜாம்புள்வாடி, மராத்தி பேசும் சாங்லி ஜில்லாவில் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பக்கம். கம்பும் கடலையும் விளைந்தால் விளையும். ஆம்பளைகள் வெளியூர் போய்ப் பட்டறை போட்டுத் தங்கம் உருக்குவார்கள். நானும் கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வருஷம் உருக்கினேன். அமிலப் புகையில் நெஞ்சு கெட்டுத் திரும்பி வந்து இப்போது வாசகசாலையைத் திறந்து மூடுகிறேன். ஊரில் எந்த வீட்டைத் தட்டினாலும் மாமியாரும் மருமகளும்தான் கதவைத் திறப்பார்கள்.

சுகந்தாவின் புருஷன் மாருதியும் தமிழ்நாட்டுப் பக்கம்தான் போனான். முதலில் திருச்சி. அப்புறம் கரூர் என்றார்கள். ஊர்த் திருவிழாவுக்கு அவன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சங்கராந்தியிலிருந்து போனும் போகவில்லை. அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்றான் ஒருத்தன். அஸ்ஸாமுக்குப் போய்விட்டான் என்றான் இன்னொருத்தன். பார்த்தவன் எவனும் இல்லை.

சிராவண மாதத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாராயணம் வைப்பார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி குளித்து, மணைப்பலகையில் உட்கார்ந்து, சிவப்புத் துணியில் சுற்றிய புத்தகத்தைப் பிரித்து ராகம் போட்டுப் படிப்பாள். மற்றவர்கள் பஞ்சுத் திரி உருட்டிக்கொண்டே கேட்பார்கள். பழைய காலத்துப் பாட்டு அது. பாதி யாருக்கும் விளங்காது. விளங்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். காதில் விழுந்தால் புண்ணியம். சுகந்தாவின் குரல் நல்ல குரல். மூன்று வருஷமாக அவள்தான் படிக்கிறாள்.

இந்த வருஷம் அவள் சிவப்புத் துணிக்குள் வைத்தது என் அலமாரிப் புத்தகத்தை. அட்டை போய், முதல் பதினாறு பக்கம் கரையான் தின்று, பெயரே தெரியாத ஒரு பழைய சரித்திர நாவல். மைனாபாய் என்று ஒரு கோட்டைத் தலைவனின் மனைவி. புருஷன் படையோடு செஞ்சிக்குப் போய்விட்டான். அவள் நாற்பது சிப்பாய்களை வைத்துக்கொண்டு சஹ்யாத்ரி மலையில் ஒரு கோட்டையைக் காப்பாற்றுகிறாள். கீழே முகலாயன் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த உரைநடையை சுகந்தா அப்படியே பாராயண ராகத்தில் இழுத்து இழுத்துப் படித்திருக்கிறாள். பீரங்கி வெடித்தபோது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம், ஏதோ அஸ்திரம் என்று. முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். எட்டாம் நாள் பதினேழு பேர்.

ஷேவந்தா காகு அந்தப் பாராயணத்தின் மேல் வேண்டுதல் வைத்திருந்தார். போர்வெல்லில் தண்ணீர் வந்தால் கேட்க வந்த எல்லாருக்கும் பூரண போளி. ஏழாம் நாள் முந்நூற்று எண்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. கடலைப் பருப்பு வாங்கி வைத்தாயிற்று. ஒன்பதாம் நாள் அவருடைய அண்ணன் மகள், கொரேகாவில் டீச்சர், சும்மா சுகந்தாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, இதுல வெடிமருந்து மூட்டைன்னு போட்டிருக்கு!"

கொஞ்ச நேரத்தில் தத்தோபா வாசகசாலைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். வீட்டில் சத்தம் கேட்டால் வெளியே தலைவர் ஆகிவிடுவார்.

"காசி, அந்தப் புத்தகத்தை இன்னிக்கே வாங்கி உள்ள வை. இனிமே பொம்பளைங்களுக்குச் சமையல் குறிப்பு, பக்திப் புத்தகம், அதோட நிறுத்திக்க."

"தலைவரே, பொம்பளைங்க எடுக்கலேன்னா வாசகசாலையில எடுக்கறதுக்கு யாரு இருக்கா? நீங்க பேப்பர்ல ராசிபலன் பாக்கறீங்க. நான் தூங்கறேன்."

"சொன்னதைச் செய்யப்பா. என் வீட்டுல இன்னிக்குச் சோறு உப்பில்லாம வந்துச்சு."

சுகந்தா காட்டில் இருந்தாள். சாக்கை முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கடலைக்குள் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். மழை என்று சொல்ல முடியாத தூறல். களையை வளர்க்கும், பயிரை வளர்க்காது. அவள் கை நிற்கவில்லை.

"பாவ்ஜி, நனையாதீங்க. அப்புறம் உங்க நெஞ்சு ராத்திரியெல்லாம் விசில் அடிக்கும். எங்களுக்குத் தூக்கம் போயிடும்." புருஷனின் தம்பி முறை வைத்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு அவள் வைனி, அதாவது அண்ணி.

"வைனி, தலைவர் புத்தகத்தைக் கேக்கறாரு."

"நான் என்னைக்கு எடுத்தேன்?"

"ஒம்பது நாள் ஆச்சு."

"கெடு எத்தனை நாள்?"

"பதினஞ்சு."

"அப்ப இன்னும் ஆறு நாள் அது என் புத்தகம். நூத்தி நாப்பத்திரெண்டு பக்கம் பாக்கி இருக்கு. ஆறாம் நாள் சாயங்காலம் நானே கொண்டு வந்து வைக்கறேன். செவுத்துல விதிமுறை எழுதி மாட்டியிருக்கீங்களே, அடியில யாரு கையெழுத்து?"

"தலைவரோடதுதான்."

"அப்ப அவருகிட்டயே படிச்சுக் காட்டுங்க."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். "விஷயம் புத்தகத்தோட நிக்கல வைனி. காகு வீடு வீடாப் போய்ச் சொல்றாங்க. கௌரி பண்டிகைக்கு உங்களுக்கு மஞ்சள் குங்குமம் குடுக்கக் கூடாதுன்னு. சாமி விளக்கு மேல கை வெச்சு, இனி இந்த மாதிரிப் புத்தகம் தொட மாட்டேன்னு சொன்னாத்தான் உள்ள விடுவாங்களாம். ஏற்கெனவே தனியா இருக்கீங்க. நாலு பேரு வாசலும் அடைச்சுப்போச்சுன்னா?"

அப்போதுதான் அவள் கை நின்றது. களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்துப் போட்டாள்.

"அத்தைகிட்டச் சொல்லாம செஞ்சது தப்பு. அதுக்கு அவங்க கால்ல விழுவேன். படிச்சதுக்கு எவ கால்லயும் விழ மாட்டேன்."

அவளோடு நானும் வீட்டுக்குப் போனேன். பயம்தான் காரணம். மாமியார் சோனாபாய் கோபக்காரி. அன்றைக்கு அவர் கத்தவில்லை, அது இன்னும் மோசம். அடுப்படியில் சாமைச் சோறும் கடலைக் குழம்பும் மூடி வைத்தபடியே இருந்தது. மகனுக்காக மாதம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையையும் அன்றைக்குத் தொடவில்லை.

சுகந்தா சேற்றுக் காலோடு போய் அவர் காலைத் தொட்டாள். சோனாபாய் காலை இழுத்துக்கொண்டார்.

"வயித்தைக் காயப் போட்டேனே, அது யாருக்குப் போய்ச் சேந்துச்சு? செத்துப்போன சிப்பாய்க்கா? என் பையன் வீடு வந்து சேரணும்னு நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தப்ப நீ என்ன படிச்சுக்கிட்டு இருந்தே?"

"கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்துனதைப் படிச்சேன்."

"வாய் கொழுப்பைப் பாரு காசி."

"கொழுப்பு இல்ல அத்தை. கேட்டீங்க, சொன்னேன்." சுகந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் படிச்சேன். ஒவ்வொரு அத்தியாயம் முடியறப்பவும் ஒரு வரி வருமே. இதைக் கேட்டவ புருஷன் எந்தத் திசையில இருந்தாலும் வீடு திரும்புவான்னு. பதினெட்டு அத்தியாயம், பதினெட்டு தடவை. நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாப் போதும். அதைச் சொல்ற வாய் என்னோடது. சொல்லி முடிச்சுட்டுத் தலையைத் தூக்குனா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. மூணாவது வருஷம் என் வாய் வரல."

"அப்ப அவன் வரமாட்டான்னு நீயே முடிவு கட்டிட்டே."

"கட்டல. வருவாருன்னும் சொல்லத் தெரியல, வரமாட்டாருன்னும் சொல்லத் தெரியல. அந்தப் புத்தகம் எனக்கு ஒரு வாக்கும் குடுக்கல அத்தை. மைனாபாய் காலையில எந்திரிச்சுச் சுனையில எத்தனை முழம் தண்ணி இருக்குன்னு பாக்கறா. செவுத்துல கல்லு பேந்திருக்கான்னு பாக்கறா. நாப்பது பேருக்கு உலை வைக்கறா. அதைப் படிச்சா எனக்குக் களை எடுக்கப் போகத் தோணுது. அவ்வளவுதான்."

எனக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சோனாபாய் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அசல் பாராயணப் புத்தகம் அடியில் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. சாமி மாடத்திலிருந்த சிவப்புத் துணியை உருவி, நாவலை எடுத்து சுகந்தாவின் மடியில் போட்டார். துணியில் அசலைச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"ஷேவந்தாகிட்டக் குடு. அந்த டீச்சரம்மா முதல்லேருந்து படிக்கட்டும். காலையில நான் அங்க போய் உக்காந்து கேட்டுக்கறேன். என் பையனுக்கு நான் வேண்டிக்கறதை யாரும் கெடுக்க வேண்டாம்." மருமகள் பக்கம் திரும்பினார். "உன் கோட்டையை நீ வெளிய வெச்சுப் படி. சாமி முன்னால இல்ல. துணி போடாம, நாலு பேரு பாக்கற மாதிரி. திருட்டுத்தனம் என் வீட்டுல ஆகாது."

"விளக்கு மேல கை வைக்கச் சொல்றாங்களே அத்தை?"

"விளக்கு சுடும். வைக்காதே."

பத்தாம் நாள் மதியம், எருமைக் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் சுகந்தா கோணிப்பையை விரித்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். ராகம் இல்லை. சாதாரணப் பேச்சுக் குரல். கேட்டது எருமை, நான், முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்த சோனாபாய். தெருவில் போகிற பெண்கள் தலையைத் திருப்பாமல் போனார்கள். அப்படித் திருப்பாமல் போவதற்குக் கழுத்து எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

கோட்டைக்குள் பதினோரு நாளுக்குத்தான் தானியம் என்று வந்த இடத்தில் சோனாபாய் திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு தானியம்னு போட்டிருக்கான்?"

"ரெண்டு மூட்டை கம்பு."

"நாப்பது ஆளுக்குப் பதினோரு நாளா? மலை மேல, மழையில? பசி ரெட்டிப்பா எடுக்கும். பத்தாது. உப்பு?"

சுகந்தா பக்கத்தைப் புரட்டினாள். "உப்பு போடல அத்தை."

"எழுதுனவன் ஆம்பளை. உப்பு இல்லேன்னா நாப்பது பேரும் மூணாம் நாளே கதவைத் திறந்துடுவானுங்க. முகலாயன் எதுக்கு? மேல படி."

அடுத்த நாள் கோட்டைக்குள் ரொட்டிக்குத் திண்டாட்டம் வந்தது, மேல் மதில் சரிந்தது, நாற்பதில் இரண்டு பேர் ஓடிப்போனார்கள். ஓடியவர்களை சோனாபாய் பெயர் சொல்லித் திட்டினார். பன்னிரண்டாம் நாள் மளிகைக்காரர் மனைவி, "எருமைப் பால் கறந்தாச்சா?" என்று கேட்டபடி வந்தாள். மதியம் இரண்டு மணிக்கு யார் பால் கறப்பார்கள்? உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மடியில் பஞ்சு வைத்திருந்தார்கள். இதற்கும் திரி உருட்டலாமா கூடாதா என்று அவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. திரி திரிதான் என்று தீர்ந்தது.

எல்லாரும் அப்படி இல்லை. காகு வீட்டில் டீச்சரம்மா அசலை முறையாகப் படித்தாள். காலையில் சோனாபாய் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். கூட நாலைந்து பேர். காகுவுக்குப் போளி விஷயம்தான் நெருடியது. வேண்டுதல் பலித்துவிட்டது, படித்ததோ வேறு. தண்ணீரைத் திருப்பி உள்ளே அனுப்ப முடியுமா? நாலு நாள் யோசித்துவிட்டு, "சாமிக்குப் பெரிய மனசு. இந்தக் கழுதை என்ன படிச்சாலும் நான் பட்டினி கிடந்ததைப் பாத்துக் குடுத்துட்டாரு" என்று சொல்லிப் போளி சுட்டார். ஊருக்கெல்லாம் போனது. சுகந்தாவுக்கு மட்டும் போகவில்லை. சோனாபாய்க்கு என்று தனியாக ஒன்று கொடுத்தனுப்பினார். சோனாபாய் அதைப் பிட்டுப் பாதியை மருமகள் தட்டில் வைத்தார். "பூரணத்துல ஏலக்காய் கம்மி," என்றார்.

கௌரி பண்டிகைக்கும் அழைப்பு வரவில்லை. சுகந்தா தன் வீட்டில் கௌரி வைத்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். கொட்டகைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் வந்து குங்குமம் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. அவளுக்கு வலித்தது, எனக்குத் தெரியும். ஆனால் அன்று சாயங்காலமும் கடலைக் காட்டுக்குப் போய்ப் பன்றி இறங்குகிற பக்கம் முள் அடைத்துவிட்டுத்தான் வந்தாள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தவன் பண்டிகைக்குப் போய்விட்டேன். பதினைந்தாம் நாள் கடைசி அத்தியாயம். அடைமழை. தெற்கேயிருந்து ஒற்றைக் குதிரைக்காரன் வருகிறான். கோட்டைக் கதவுக்குக் கீழே நின்று, "செஞ்சியிலிருந்து வருகிறேன், தலைவர் அனுப்பினார், கதவைத் திறங்கள்" என்று கத்துகிறான். நிஜமாக அவன் அனுப்பிய ஆளா, முகலாயன் அனுப்பிய ஆளா தெரியாது. மைனாபாய் மதில் மேல் நின்று தீவட்டியைக் கீழே காட்டச் சொல்கிறாள். முதல் பாகம் முற்றும்.

ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், நான்தான் எழுதினவன் மாதிரி.

"ரெண்டாம் பாகம் எங்க பாவ்ஜி?"

சாயங்காலம் சொன்னபடி சுகந்தா புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தத்தோபா அங்கேதான் இருந்தார். கெடு தவறவில்லை, பக்கம் மடிக்கவில்லை. அவர் என்ன சொல்ல முடியும்? "நல்லா இருந்துச்சா?" என்றார். "ரெண்டாம் பாகம் படிச்சாத்தான் தெரியும் தலைவரே," என்றாள். அவருக்கு முன்னாலேயே நான் பழைய பதிவேட்டை எடுத்துத் தேடினேன். பெயர் எழுதிய இடத்தை அங்கேயும் கரையான் தின்றிருந்தது. புத்தகத்தின் உள்பக்க முத்திரையிலிருந்த எண்ணை வைத்துப் பார்த்தால், இரண்டு பாகம் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டாம் பாகத்துக்கு நேராக: சகாராம் தோண்டிபா நிகம், எடுத்த தேதி 12-6-1987, ஊர்: தமிழ்நாடு. திரும்பி வந்த தேதிக்கான கட்டம் காலி.

சகாராம் தங்கம் உருக்கப் போனவர். பட்டறை எந்த ஊரில் என்று அவருடைய சொந்தக்காரர்கள் யாருக்கும் இப்போது தெரியவில்லை. புனேயில் பழைய புத்தகக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். பெயரும் தெரியாமல் ஆசிரியரும் தெரியாமல் எப்படித் தேடுவது என்று சிரிக்கிறார்கள். சகாராமைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்கிறவனுக்கு ஒரு புத்தகம் என்ன என்பது எனக்குத் தெரியும்.

இதைத் தமிழில் எழுதப் போகிறேன், தமிழ்நாட்டு ஆட்கள் படிப்பார்கள் என்று சுகந்தாவிடம் சொன்னேன். கொஞ்சம் தயங்கி, "அப்படியே மாருதியைப் பத்தியும் நாலு வரி போடட்டுமா வைனி? யாராவது பாத்திருந்தாச் சொல்லுவாங்க," என்றேன்.

அவள் கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அவரு எங்க இருக்காருன்னு அவருக்குத் தெரியும் பாவ்ஜி. வழியும் தெரியும். அந்தப் புத்தகத்துக்குத்தான் வழி தெரியாது. அதைக் கேளுங்க."

அதனால் கேட்கிறேன். உங்கள் ஊர் நகைக்கடைத் தெருக் கடைசியில் எங்கள் ஆட்களின் உருக்குப் பட்டறை ஒன்று இருக்கும். சந்துக்குள், புகை படிந்த கதவு. போய்க் கேளுங்கள். சகாராம் நிகம் என்று ஒருவர் இருந்தாரா, அவர் விட்டுப்போன சாமானில் மராத்தி எழுத்தில் பழைய புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று. உள்ளே மைனாபாய் என்ற பெயர் இருந்தால் அதுதான். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கிடைத்தால் தயவுசெய்து இதற்குக் கீழே பதில் போடுங்கள். கிடைக்கவில்லை என்றாலும், எந்த ஊரில் கேட்டீர்கள் என்று ஒரு வரி போடுங்கள், என் பட்டியலில் அந்த ஊர்ப் பெயரை நான் அடித்துவிடுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மராத்தி தெரிந்தவர் யாராவது அதைப் படித்திருந்தால், வந்தவன் யார், செஞ்சிக்குப் போனவன் திரும்பினானா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளே படித்துத் தெரிந்துகொள்வாளாம்.